முதுகு பார்ப்பவள்

மர்டோவின் முதுகில் ஒரு உண்ணிகூட இல்லை.

டூகல் அதைப் பார்த்தது தற்செயலாகத்தான். மலையிலிருந்து இறங்கியவர்கள் வேட்டை மாளிகையின் பின்பக்கத்து உலர்த்தும் அறையில் உள்ளாடையோடு நிற்கும் நேரம் அது. சட்டையும் காலுறையும் கால்பட்டைகளும் பெரிய டிரையருக்குள் முழுச் சூட்டில் உருண்டுகொண்டிருந்தன. ட்வீட் உடுப்புகள் வெந்நீர்க் குழாய்களுக்கு மேல் வரிசையாகத் தொங்கி, நனைந்த ஆட்டு ரோமத்தின் வாடையையும் மான் ரத்தத்தின் இரும்பு வாடையையும் சேர்த்து ஆவியாக விட்டுக்கொண்டிருந்தன. மேலே எங்கோ, மழை மறைத்த சரிவில், ஒரு கலைமான் தொண்டை கிழியக் கத்திவிட்டு, பதில் வருகிறதா என்று கேட்பதுபோல நிறுத்தியது.

மர்டோ கீழே விழுந்த பெல்ட்டை எடுக்கக் குனிந்தான். அவன் குதிரைக்காரன். சுட்ட மானைக் குதிரைமேல் கட்டி இறக்கிக்கொண்டு வருபவன். பல்பின் வெளிச்சம் அவன் முதுகில் விழுந்தது. வெள்ளை முதுகு, சுத்தமாக இருந்தது. பிடரியில் ஒன்று, தோள்பட்டைகளுக்கு நடுவே ஒன்று, இடது விலாவுக்குப் பின்னால் ஒன்று என்று துவரம்பருப்பு அளவில் மூன்று பழுப்புப் பொட்டுகள் மட்டும்.

டிஞ்சர். உண்ணியைப் பிடுங்கிய இடத்தில் வைக்கும் டிஞ்சர். மூன்றும் தன்னால் தானே பார்க்க முடியாத இடங்கள்.

அக்டோபர் இரண்டாவது வாரம். ஆறு வாரமாக இருவரும் ஒரே பெரணிக் காட்டுக்குள் நடந்தவர்கள். டூகல் விருந்தாளிகளை வயிற்றால் ஊர்ந்து மானுக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறவன் என்பதால் அவன் உடம்பில் உண்ணி இன்னும் அதிகம். தன் முதுகில் எத்தனை இருக்கும் என்று அவனுக்கே தெரியாது. சட்டை உரசும்போது ஏழெட்டு இடத்தில் எரியும்.

"யார் பாத்தா?" என்றான்.

"எதை?"

"முதுகை."

மர்டோ சட்டையை அவசரமாக இழுத்துப் போட்டுக்கொண்டான். "குதிரை பாத்துச்சு. கண்ணாடி போட்டுக்கிட்டு."

துணிக்கூடையோடு உள்ளே வந்த நெட்டி சிரித்தாள். மாளிகையின் சமையலும் துவையலும் அவள் பொறுப்பு. "நல்ல குதிரைதான். எங்க வீட்டுக்கு ஒண்ணு பிடிச்சுக் குடுடா. எங்காளு முப்பது வருஷமா என் முதுகு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாம குடும்பம் நடத்துறாரு."

மர்டோ சிரிக்கவில்லை. பொத்தான்களை ஒரு துளை தள்ளி மாட்டியிருந்தான். அதைச் சரிசெய்யாமலே வெளியே போனான்.

வீட்டுக்கு நடக்கும் ஒரு மைல் தூரமும் டூகல் அந்த மூன்று பொட்டுகளையே நினைத்துக்கொண்டு போனான். மர்டோவுக்கு ஒருத்தி கிடைத்திருக்கிறாள். கிடைக்கட்டும் என்று தனக்கே சொல்லிப் பார்த்தான். சொல்லி முடிப்பதற்குள் யார் அவள் என்று தேட ஆரம்பித்திருந்தான். பள்ளத்தாக்கில் இருக்கும் பெண்களை ஒவ்வொருவராக எண்ணினான். விரல்கள் மிஞ்சின. பிறகுதான் உறைத்தது. இப்போது யாரும் டிஞ்சர் வைப்பதில்லை. எல்லோரும் மருந்துக்கடைப் பஞ்சுதான். டிஞ்சர் வைப்பவள் ஒருத்திதான் இருந்தாள். ஆடு மேய்த்த அப்பாவின் பெட்டியிலிருந்து அந்தப் பழுப்புக் குப்பியைக் கல்யாணத்தன்று எடுத்து வந்தவள்.

அவன் மனைவி ஷோனா இறந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது.

முதுகு பார்ப்பது என்றுதான் அந்த வீட்டில் சொல்வார்கள். அவன் அடுப்புக்கு முன் துணியில்லாமல் நிற்பான். அவள் நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு மண்டியிடுவாள். கணுக்காலில் ஆரம்பிப்பாள், எப்போதும். முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, இடுப்புப் பட்டை அழுத்திய இடம், அக்குள், காதுக்குப் பின்னால், கடைசியாகப் பிடரி. ஈரக் கல்போலக் குளிர்ந்த விரல்கள். உண்ணி தட்டுப்பட்டால் பேச்சை நிறுத்துவாள். இடுக்கி நுனி தோலைத் தொடும். ஒரு சின்ன இழுப்பு, ஒரு பொட்டு டிஞ்சர். எடுத்ததை செலோடேப்பில் அமுக்கி, டேப்பின் முனையை முக்கோணமாக மடித்து, நாள்காட்டியில் அன்றைய கட்டத்தில் ஒட்டுவாள். பிறகு காய்ச்சல் வந்தால் எந்த உண்ணி, எந்தத் தேதி என்று தெரிய வேண்டும் அவளுக்கு.

அவள் போன பிறகு அவன் தானாகவே பார்த்துக்கொண்டான். துணிகளை இருபது நிமிடத்துக்குப் பதில் நாற்பது நிமிடம் சூட்டில் போட்டான். தண்ணீரில் உண்ணி சாவதில்லை. வாஷிங் மெஷினில் ஒரு மணி நேரம் சுழன்றுவிட்டு, ஈரத் துணிமேல் நிதானமாக நடந்துபோகும். காய்ந்த சூட்டில்தான் சாகும். பூட்ஸுக்கு மருந்தடித்தான், துப்பாக்கி உறையை உதறி வெளியிலேயே தொங்கவிட்டான். கை எட்டிய இடமெல்லாம் தடவிப் பார்த்தான். எட்டாத இடம் எட்டாததாகவே இருந்தது.

வீட்டுக்குள் வந்து ஈரத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் சமையலறை மேசையின் இழுப்பறையைத் திறந்தான். பதினொரு மாதமாகத் திறக்காதது. அவளுடைய சாமான்கள் அதில்தான் இருந்தன. பலகைமேல் அவை இருந்த தடம் தூசிக்கு நடுவே தெளிவாகத் தெரிந்தது. குப்பி நின்ற வட்டம். இடுக்கி கிடந்த கோடு. விளக்கின் பட்டை சுருண்டிருந்த வளைவு.

சாமான்கள் இல்லை.

அவன் அந்தத் தடங்களை நெடுநேரம் பார்த்தான். திருட்டு என்று தோன்றவில்லை. பயமும் வரவில்லை. என்னைத் தாண்டிப் போயிருக்கிறாள் என்றுதான் தோன்றியது. இந்த மேசைக்கு வந்து, இந்த இழுப்பறையைத் திறந்து, படுக்கையறைக் கதவைத் தாண்டி, அவனிடம் போயிருக்கிறாள்.

மறுநாள் சாயங்காலம், மழை கொஞ்சம் விட்டபோது, டூகல் குதிரையின் வயிற்றுப்பட்டை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு மர்டோவின் வீட்டுக்குப் போனான். குதிரைக் கொட்டகையை ஒட்டிய ஒற்றை அறை வீடு அது. கதவு திறக்க நேரமானது. மர்டோ மேல்கோட்டின் காலரைத் தூக்கிக் கழுத்தை மூடியிருந்தான்.

"டாலியோட பட்டை. வெளியில கிடந்துச்சு."

"காலையில குடுத்திருக்கலாமே."

"இப்ப குடுக்கக்கூடாதா? உள்ள யாராவது இருக்காங்களா?"

மர்டோ கதவை அகலமாகத் திறந்துவிட்டான். "வந்து பாத்துக்கோ. கட்டிலுக்கு அடியிலயும் குனிஞ்சு பாரு. போன வருஷமும் அதுக்குத்தான வந்த."

உள்ளே ஒரு நாற்காலி, ஒரு கோப்பை, ஆறிப்போன சூப் ஒரு கிண்ணம். கட்டிலில் போர்வை மடித்தபடி இருந்தது. அதில் யாரும் படுத்து நாளாகியிருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் தீவனக் கடையின் நாள்காட்டி தொங்கியது. அதன் கட்டங்களில் விளக்கொளி பட்டுப் பட்டுச் சின்னச் சின்னதாக ஏதேதோ மின்னின.

டூகல் கிட்டே போனான். செலோடேப். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு எள் அளவுக் கறுப்பு, எட்டுக் கால்களையும் விரித்தபடி. ஒவ்வொரு முனையும் முக்கோணமாக மடிக்கப்பட்டிருந்தது.

"இது யார் ஒட்டுனது?"

மர்டோ அடுப்புக் கதவைத் திறந்து, போட ஒன்றுமில்லாமல் மறுபடி மூடினான்.

"மர்டோ."

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் கேக்குற?"

வெளியே குதிரை ஒன்று மூக்கைச் சீறியது. டூகல் நாற்காலியில் உட்கார்ந்தான். கேட்கக்கூடாது என்று நினைத்ததைத்தான் முதலில் கேட்டான்.

"எத்தனை நாளா?"

"செப்டம்பர் மொத வாரத்துலேர்ந்து. மலைக்குப் போய்ட்டு வந்தன்னிக்கு மட்டும். நான் கவுந்து படுத்திருப்பேன். முழிப்பு வந்துடும். ஆனா கையக் கால அசைக்க முடியாது. கணுக்கால்ல ஆரம்பிக்கும்."

கணுக்காலில். அந்தச் சொல் டூகலின் நெஞ்சில் போய்த் தைத்தது. அவனுக்கு மட்டும் தெரிந்த வரிசை அது என்று நினைத்திருந்தான்.

"திரும்பிப் பாத்தியா?"

"எனக்கென்ன பைத்தியமா?"

"பேசுவாளா?"

"இல்ல." மர்டோ தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நகத்து மண்ணு தோல்ல உரசும். காலையில போர்வையெல்லாம் மண்ணு. உதறிட்டுத்தான் வேலைக்கு வருவேன். நாலு நாளா கொட்டகையில படுக்குறேன். அங்கயும் வந்துச்சு. அஞ்சு குதிரையும் ஒரே மூலையில போய் ஒட்டிக்கிட்டு நின்னுச்சுங்க. விடியிற வரைக்கும் ஒண்ணுகூட வைக்கோலத் தொடல."

"ஏன் உன்கிட்ட?"

மர்டோ நிமிர்ந்து பார்த்தான். தூக்கமில்லாத கண்கள். "நான் ஒருத்தன்தான பாத்தேன். அதனாலயா இருக்கும்."

அதற்கு மேல் அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போன வருஷம் செப்டம்பரில், குதிரைக்கு லாடம் பார்க்க ஷோனா குனிந்தபோது தலைமுடி முன்பக்கம் விழுந்தது. பிடரியில் சிவப்பு வட்டம் இருக்கிறது, நடுவில் வெளுத்திருக்கிறது, டாக்டரிடம் காட்டு என்று மர்டோ சொன்னான். அவள் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னாள். டூகல் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவன் எப்படி உன் பிடரியைப் பார்த்தான்?

நீயே பாரு என்று முடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றாள். அவன் பார்க்கவில்லை. வெளியே போய் விறகு வெட்டினான். ஒரு வாரம் பேசவில்லை. அவள் முடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு நடமாடினாள். மர்டோவின் பேரைக்கூட எடுக்கவில்லை. டாக்டரிடமும் போகவில்லை. போனால் யார் பார்த்தது, எங்கே பார்த்தது என்று அந்தப் பேச்சு மறுபடி வரும். நவம்பரில், உருளைக்கிழங்குத் தோலைக் கையில் பிடித்தபடி, அடுப்புக்கு முன்னால் விழுந்தாள். உண்ணி கடித்து வந்த நோய் இதயத்தின் துடிப்பையே அறுத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். எங்கே கடித்தது என்றும் கேட்டார். டூகல் தெரியாது என்றான்.

அந்த உண்ணி எங்கிருந்து வந்தது என்பதும் அவனுக்குத் தெரியும். அவள் மலைக்குப் போகிறவள் அல்ல. மர்டோவின் குதிரை தன் வீட்டு வாசலில் நிற்பதை ஒருநாள் சரிவிலிருந்து பார்த்துவிட்டு, உலர்த்தும் அறைக்குப் போகாமல், மலையில் போட்ட கோட்டோடு நேராக வீட்டுக்கு ஓடினான். மர்டோ போயிருந்தான். குதிரைக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தியதாக அவள் சொன்னாள். அவன் கோட்டைக் கழற்றி அவள் படுக்கும் பக்கத்தில் எறிந்தான்.

"உங்களுக்குள்ள என்ன இருந்துச்சு?" என்றான் இப்போது.

"செத்தப்புறமும் விட மாட்டியாடா நீ?" மர்டோவின் குரல் உயரவில்லை. "அவ என்கிட்ட ரெண்டு விஷயம்தான் பேசியிருக்கா. ஒண்ணு குதிரை. இன்னொண்ணு நீ."

டூகல் எழுந்தான். கதவுவரை வந்த மர்டோ, "நான் நாளைக்கு அக்கா வீட்டுக்குப் போறேன்," என்றான். "சீசன் முடியிறதுக்கு இன்னும் எட்டு நாள் இருக்குன்னு கத்துவாங்க. கத்தட்டும். எனக்கு நல்லதுதான் பண்றா, இல்லன்னு சொல்லல. இருந்தாலும் வேணாம்."

வேணாமாம். இருட்டில் நடந்து வரும்போது அந்தச் சொல்லையே டூகல் மென்றான். தனக்குக் கிடைக்காதது அவனுக்கு வேண்டாமாம்.

மர்டோ போன அன்று டூகல் அறையைப் பெருக்கினான். அவள் பக்கத்துத் தலையணைக்கு வெளுத்த உறை போட்டான். அவளுக்குப் பிடிக்காத பன்றிக்கொழுப்பு வாடை வரக்கூடாது என்று வெறும் ஓட்ஸ் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டான். மலையிலிருந்து வந்தவன், சுத்தமாகக் குளித்து, குப்புறப் படுத்தான். கூரைத் தகட்டில் மழை நடந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் இரண்டு கலைமான்கள் ஒரே பெட்டைக் கூட்டத்துக்காக மாறி மாறி உறுமின. கொம்போடு கொம்பு மோதும் ஓசை ஈரக் காற்றில் விறகு முறிவதுபோல வந்தது. அவன் கணுக்காலையே நினைத்துக்கொண்டு கிடந்தான். விடிந்தது. போர்வையில் மண் இல்லை.

மறுநாளும் இல்லை.

மூன்றாம் நாள் மாளிகையிலிருந்து மர்டோவுக்குப் போன் செய்தான்.

"அங்க வந்தாளா?"

"இல்லடா. நிம்மதியா தூங்குறேன்." பின்னால் யாரோ பாத்திரம் கழுவினார்கள். "டூகல், துணியெல்லாம் சூட்டுல போடுறியா?"

"போடுறேன்."

"முதுக நெட்டிகிட்டயாவது காட்டு. வெக்கப்படாத. அந்தம்மா ஆட்டுக்கே பாத்தவங்க."

"வைடா போனை."

பொய் சொல்கிறான் என்று நினைத்தான். அங்கே போயிருப்பாள். நாற்பது மைல் நடந்து, நகத்தில் மண்ணோடு, அக்கா வீட்டுப் படியேறியிருப்பாள். அந்தச் சுத்தமான வெள்ளை முதுகில் குனிந்திருப்பாள். அவளுடைய முடி அவன் தோளில் விழுந்திருக்கும். டூகல் உலர்த்தும் அறையில் நின்றபடி பல்லைக் கடித்தான். தாடை வலித்தது. அப்போதுதான் அது பிடிபட்டது. தன்னிடம் எடுப்பதற்கு என்ன இருக்கிறது? நாற்பது நிமிடம் சூட்டில் போட்டு, மருந்தடித்து, தேய்த்துக் குளித்து, அவள் கை வைக்க ஒரு வேலையும் மிச்சம் வைக்காமல் படுத்துக்கொண்டு, வரவில்லை வரவில்லை என்றால்?

டிரையர் கதவைத் திறந்தான். இன்னும் சூடேறாத துணிகளைக் கைநிறைய அள்ளினான். குழாய்மேல் தொங்கிய ட்வீடையும் உருவினான்.

"எங்க தூக்கிட்டுப் போற?" என்றாள் நெட்டி. "இன்னும் ஆகலடா."

"வீட்டுல போட்டுக்கிறேன்."

"உங்க வீட்டுல ஏதுடா டிரையர்?" கூடையைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். குரல் தணிந்தது. "தம்பி, சட்டையக் கழட்டு. நான் பாக்குறேன். ரெண்டு நிமிஷம். உன் கழுத்துப் பக்கம் என்னமோ தெரியுது."

"தொடாதீங்க."

அவள் கை பாதியில் நின்றது. அவன் அப்படிச் சொன்னதில்லை.

"அவளுக்கு இருக்கட்டும்," என்றான், தன்னை மீறி. நெட்டி கையை இழுத்துக்கொண்டாள். கதவுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள். அவன் தூரம் போகும்வரை வாசலிலேயே நின்றாள்.

ஐந்து நாள் அந்தத் துணிகளிலேயே மலையேறினான், அந்தத் துணிகளிலேயே படுத்தான். மருந்தைத் தொடவில்லை. விருந்தாளி தொலைநோக்கியில் கொம்புகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது டூகல் பெரணிக்குள் மல்லாந்து படுத்துச் சட்டையைத் தூக்கிவிட்டுக்கொள்வான். ராத்திரியில் தோலுக்குமேல் மெல்ல நடக்கும் கால்கள் தெரியும். அக்குளில் ஒன்று நின்று யோசிக்கும். இடுப்பில் ஒன்று இடம் பார்க்கும். அவன் அசையமாட்டான். காய்ச்சல் வந்தது. மூட்டுகள் வலித்தன. ஒவ்வொரு காலையும் போர்வையைத் தடவிப் பார்ப்பான். ஒன்றும் இருக்காது. போதவில்லை என்று நினைத்தான். மர்டோவுக்காக இவ்வளவு தூரம் வந்தவளுக்கு இது போதவில்லை.

சீசனின் கடைசி நாள். கடைசிக் கலைமானை உரித்து முடித்ததும், கொட்டகையில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, அதன் தோலைச் சுருட்டிச் சாக்கில் போட்டு முதுகில் தூக்கினான். உள்ளே இன்னும் வெதுவெதுப்பு இருந்தது. மான் குளிரக் குளிர அதன் உண்ணிகள் சூடு தேடி வெளியே நடக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அதனால்தான் யாரும் பச்சைத் தோலை வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை.

ஆறு மணிக்கே நன்றாக இருட்டிவிட்டது. படுக்கையறை விளக்கை ஏற்றினான். ஜன்னல் கண்ணாடி கறுப்பாகி அறையைத் திருப்பிக் காட்டியது. தோலை அவள் பக்கத்தில் விரித்தான். முடி மேலே, ஈரம் கீழே. கொழுப்பும் சேறும் கலைமானின் பருவத்து மூத்திர நெடியும் அறையை நிறைத்து, தொண்டைக்குள் இறங்கி, வெளுத்த தலையணை உறையின் சோப்பு வாசனையை மூடின. சட்டையைக் கழற்றினான். அதன்மேல் மல்லாந்து படுத்தான். முடிக்குள்ளிருந்து அவை வருவது தெரிந்தது. முதலில் ஒன்றிரண்டு, பிறகு மணலைத் தூவியதுபோல. பல்லைக் கடித்துக்கொண்டு, நூறுவரை எண்ணினான். இன்னொரு நூறு. பிறகு எழுந்து, தன் பக்கத்தில், ஜன்னலைப் பார்த்துக் குப்புறப் படுத்தான்.

"ஷோனா," என்றான். "இப்ப நிறைய இருக்கு."

மலையில் உறுமல் நின்றது.

ஒன்றல்ல. எல்லாம். ஓடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மூன்று வாரமாக ஓயாத சத்தம், ஒரே நேரத்தில் வாயைப் பொத்தியதுபோல நின்றது. கூரையில் சொட்டுவது மட்டும் கேட்டது. பிறகு சமையலறையில், மேசையின் இழுப்பறை, மரத்தில் மரம் உரச, மெதுவாகத் திறந்து, மெதுவாக மூடியது.

அவனுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில். வந்துவிட்டாள். மர்டோவிடம் இல்லை. இங்கே.

கதவு திறந்த ஓசை இல்லை. குளிர் வந்தது. கிணற்று மண்ணின் வாடை வந்தது. எழுந்திருக்க நினைத்தான். கை வரவில்லை. கால் வரவில்லை. கழுத்து மட்டும் கொஞ்சம்.

கணுக்காலில் ஒரு விரல்.

ஈரக் கல்லின் குளிர். அதே விரல். அவன் கண்ணை மூடினான். விரல் ஏறியது. கெண்டைக்கால். முழங்கால் மடிப்பு. அங்கே ஒன்று இருந்தது, அவனுக்குத் தெரியும், இரண்டு நாளாக அரித்தது. விரல் அதைத் தொட்டது. நின்றது. இடுக்கிக்காகக் காத்திருந்தான்.

விரல் அதைத் தாண்டிப் போனது.

தொடை. இடுப்பு. அங்கே ஐந்தாறு. ஒவ்வொன்றிலும் நின்றது. ஒவ்வொன்றையும் தாண்டியது. எண்ணுவதுபோல. முதுகு. தோள்பட்டை. இழுப்பு இல்லை. டிஞ்சரின் எரிச்சல் இல்லை.

"எடு," என்றான். உதடு அசைந்ததா என்று தெரியவில்லை.

காதுக்குப் பின்னால். பிடரி. முடியை ஒதுக்கினாள். நிதானமாக. ஒரு பக்கம். மறுபக்கம். விரல் நுனி தோலை அழுத்தி இடம் பார்த்தது.

பிறகு ஏதோ வந்து உட்கார்ந்தது.

சின்னது. கனமானது. வழுவழுப்பானது. கால்கள் இருந்தன. அவை பிரிந்தன. பிடித்தன.

அவள் எடுக்கவில்லை.

இன்னொன்று. முதலாவதற்குப் பக்கத்தில். விரலால் மெல்ல அழுத்தினாள். ஒட்டிக்கொண்டதா என்று பார்ப்பதுபோல ஒரு கணம். இன்னொன்று.

கண்ணைத் திறந்தான். திறந்திருக்கக்கூடாது. எதிரே ஜன்னல் கண்ணாடி. விளக்கு. கட்டில். அவன் வெள்ளை முதுகு. அதன்மேல் குனிந்த தலை. முகம் தெரியவில்லை. முடி முன்பக்கம் விழுந்து முகத்தை மூடியிருந்தது.

பிடரி தெரிந்தது.

முடி முடியும் இடத்திலிருந்து தோளெலும்புவரை, தோலே தெரியாமல், ஒன்றோடு ஒன்று நெருக்கிக்கொண்டு, திராட்சைக் குலைபோல, ஈய நிறத்தில் உப்பிப் பளபளத்துத் தொங்கிக்கொண்டிருந்தன. சில அசைந்தன. அவளுடைய கை பின்னால் போனது. அவளாகப் பார்க்க முடியாத இடம் அது. விரல்கள் தடவித் தேடின. ஒன்றைப் பிடித்தன. திருகின. தோல் கொஞ்சம் கூடவே எழும்பி வந்து விடுபட்டது.

கை முன்னால் வந்தது. அவன் பிடரியை நோக்கி இறங்கியது.

நான்காவது.

அவள் அவசரப்படவில்லை. குலையில் இன்னும் நிறைய இருந்தன.